எல்லாரும் ஏறிய நீளக்கார்

எங்கள் செம்மணல்பட்டணத்தில் ஒருவரை விசேஷத்துக்கு அழைப்பதென்றால் மூன்று தடவை அழைக்க வேண்டும். முதல் தடவைக்கு அவர் "இருக்கட்டும்" என்பார், இரண்டாம் தடவைக்கு "எதுக்கு வீண் சிரமம்" என்பார், மூன்றாம் தடவைக்கு நம்மையே முந்திக்கொண்டு நடப்பார், இதில் ஒரு தடவை குறைந்துபோனால் போதும், பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஊர் வாகு அப்படி. ஒரு பக்கம் சங்காறு, மற்ற மூன்று பக்கமும் சிவப்பு மணல் தேரி, ஆனி மாசக் காற்றில் அந்த மணல் மேடு எழுந்து நம் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எந்தக் காலத்திலோ கப்பல் வந்து நின்ற ஊர், ராஜா இருந்த ஊர், கக்கூஸுக்குக் குழி தோண்டினாலும் முதுமக்கள் தாழி வரும், உடனே தொல்லியல்காரர்கள் வந்து கயிறு கட்டிவிடுவார்கள், நாம் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட பழம்பெருமை உள்ள ஊரில் எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம் இருக்கும், அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

அந்த மரியாதைதான் என் அண்ணன் தளவாய் மகள் வடிவுக்கு எமனாக வந்தது. முதல் சம்பந்தம் நிச்சயதார்த்தப் பந்தியிலேயே முறிந்தது, சிவனுச் சித்தப்பா இலையில் அப்பளம் விழவில்லையாம், அவர் எழுந்து போக, அவர் பின்னால் பதினெட்டு வீடு எழுந்து போக, மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய்த் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது சம்பந்தம் பத்திரிகையோடு போனது, ஒரு மாமா பெயரை அச்சகத்துக்காரன் கொஞ்சம் பொடி எழுத்தில் போட்டுவிட்டான். வடிவுக்கு முப்பத்துமூன்று வயது ஆகிவிட்டது. தாயில்லாப் பிள்ளை, நான்தான் தலைவாரிப் பூ வைத்து வளர்த்தேன், பெற்றால்தான் பிள்ளையா? தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், வாயைத் திறந்து ஒருத்தரை ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. அந்தக் கடைக்கு ஏழு வருஷமாக வாரம் தவறாமல் வந்து ஒரே ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனவர் பிரம்மநாயகம், தேரிக்கரை தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். மனுஷன் வீட்டில் நானூறு ரேஷன் கார்டு நகல் இருக்கும். எட்டாவது வருஷத்தில் ஒருநாள் அவராகவே வாயைத் திறந்து, "நமக்கு ஒரே கார்டாப் போட்டுக்கிட்டா என்ன?" என்று கேட்டார், அவளும் மிஷினைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள்.

பிரம்மநாயகத்தின் அம்மா பகவதியம்மாள் இருக்கிறாளே, அவள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஆள் இல்லை, அவளைப் பார்த்துக் கடிகாரம் ஓட வேண்டும். புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள், அந்தக் கண்டிப்பு உடம்பில் ஊறிவிட்டது. "ரெண்டு தடவ முறிஞ்ச எடம். ஆனி கடைசி முகூர்த்தம், ஒம்பதுல இருந்து பத்தரை. பத்தரைக்குள்ள தாலி ஏறுச்சுன்னா எம் மருமக. ஒரு நிமிசம் தாண்டுச்சோ, மறுநா ஆடி பொறந்துரும், இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். வடிவு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு ஒரே யோசனை, இந்தத் தடவை ஒரு உறவுகூட முகம் சுளிக்கக் கூடாது. பெண் அழைப்புக் காரில் யார் ஏறுவது, யார் ஏறாதது என்பதில்தான் எங்கள் ஊரில் முக்கால்வாசிச் சண்டை ஆரம்பிக்கும், அதனால் இருப்பதிலேயே பெரிய காராகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் மரிய அருளிடம் போய் நின்றார், நானும் கூடப் போனேன். மரிய அருளிடம் ஒரு லிமோசின் இருந்தது. எந்தத் துறைமுகத்திலோ ஏலத்தில் எடுத்து வந்தது, வெள்ளை வெளேரென்று, கறுப்புக் கண்ணாடி, உள்ளே குட்டிக் குட்டியாய் நீல விளக்கு, ஒரு பிரிட்ஜ் வேறு. நாங்கள் அதை நீளக்கார் என்போம். எங்கள் ரதவீதி முக்கில் திரும்பாது என்பதால் வாங்கிய நாளிலிருந்து அது ஷெட்டிலேயே நின்று மணல் குடித்துக்கொண்டிருந்தது. வாடகைக்குக் கேட்டு வந்த முதல் ஆள் என் அண்ணன்தான் என்பதால் மரிய அருள் எழுந்து நின்றே ரசீது புத்தகத்தை எடுத்தார்.

"எத்தன பேர் அண்ணாச்சி ஏறுவாவ? பத்து சீட்டுதான், சொல்லிட்டேன்."

பத்துப் பேர் என்று எழுதினால் பதினொன்றாவது ஆள் யார் என்று ஊர் கேட்கும். அண்ணன் ரசீதில் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, யோசித்து, யோசித்து, கடைசியில் 'எல்லாரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரிய அருள் கண்ணாடி போடாமல் அதன் மேல் சீல் குத்தினார். இந்த மாதிரி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான்.

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு நீளக்கார் எங்கள் கோட்டைக்கரைச் சந்துக்குள் பின்பக்கமாகவே வந்து வீட்டு வாசலில் வாலை ஒட்டிக்கொண்டு நின்றது. சந்து ரொம்பக் குறுகல், இரண்டு பக்கச் சுவரும் காரை உரசின, கதவைத் திறக்க வழியில்லாமல் பின்கண்ணாடியை இறக்கி அதன் வழியாகத்தான் வடிவை ஏற்றினோம். கடைசி சீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சீர்வரிசைத் தட்டுகள் அடைத்துக்கொண்டன, ஐம்பத்தொரு தட்டு, லட்டு கோபுரம், பழம், பாத்திரம், குத்துவிளக்கு. பெண்ணுக்குக் கடைசி சீட்டு, பிறந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே கிளம்ப வேண்டும் என்பது முறை. அவள் பக்கத்தில் அழைத்துப்போக வந்த நாத்தனார் செண்பகம், பிரம்மநாயகத்தின் தங்கச்சி. இன்னொரு பக்கம் நான். அதற்கு ஒரு முணுமுணுப்பு எழத்தான் செய்தது. எனக்கு முப்பத்திரண்டு வயசில் என் வீட்டுக்காரர் போய்விட்டார், அதிலிருந்து தாலி கட்டும் நேரத்தில் யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சமையல்கட்டுக்குப் போய் ரசத்துக்கு உப்புப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன், அப்படியே இருபத்தாறு வருஷமாக எத்தனையோ கல்யாண ரசம் என் கையால் உப்புக் கரித்திருக்கிறது. வடிவு என் கையை விடாமல் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அண்ணன் முன்னால் மரிய அருளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

சந்து முக்கில் சிவனுச் சித்தப்பா நின்றார், அப்பளச் சித்தப்பா அவர்தான். அண்ணன் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார். "சித்தப்பா, ஏறுங்க." "இருக்கட்டும்யா." "ஏறுங்கங்கேன்." "எதுக்கு வீண் சிரமம், எடம் எங்க இருக்கு?" "அட ஏறுங்க சித்தப்பா, எடமா இல்ல?" என்று மூன்றாம் தடவை அண்ணன் வாய் தவறாமல் சொன்னார், சொன்னதும் கார் சாப்பிட்டு முடித்த ஆள் இடுப்பு வேட்டியைத் தளர்த்துகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, சீர்வரிசைக்கும் எங்களுக்கும் நடுவில் புதிதாக ஒரு சீட்டு விட்டது, அதற்கென்று ஒரு கதவும் விட்டது, சித்தப்பா ஏறி உட்கார்ந்து ஏசியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "வெளிநாட்டு வண்டில்லா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் செண்பகம்.

அப்புறம் என்ன, மேல ரதவீதியில் சித்தப்பாவின் மருமகன், அவர் தம்பி, தம்பி வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், கீழ ரதவீதியில் ஜவுளிக்கடைக்காரர், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், அவரைப் பார்க்க வந்திருந்த வெளியூர்க்காரர் என்று கண்ணில் பட்ட எல்லோரையும் அண்ணன் மூன்று மூன்று தடவை அழைக்க, கார் மூச்சு விட்டு மூச்சு விட்டு நீள, ஏறியவர்களும் சும்மா இராமல் தங்கள் பங்குக்குக் கண்ணாடியை இறக்கி நடைபாதையில் போனவர்களை உபசரித்தார்கள். உபசாரத்துக்குச் சொல்வதுதான், மனசார யார் சொன்னார்கள், ஆனால் காருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, மூன்றாவது "ஏறுங்க" காதில் விழுந்ததும் ஒரு சீட்டு. ரதவீதி முக்கில் திரும்பாது என்றார்களே, அது நான்கு முக்கிலும் வளைந்து வளைந்து திரும்பிற்று, நீண்டது எதுவானாலும் வளையத்தானே வேண்டும்.

எட்டு மணிக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தெருவை மறித்துக் கார் கிடந்ததால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒரு கதவில் ஏறி மறு கதவில் இறங்கிப் போனார்கள், போகிற போக்கில் மடியில் இருந்த பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். டிராபிக் ஏட்டு வந்து பார்த்து, நோ பார்க்கிங் போர்டைப் பிடுங்கிக் காரின் மேலேயே சாத்தி வைத்துவிட்டு, அவரும் மூன்று தடவை அழைக்கப்பட்டு ஏறிக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒருவர் உள்ளேயே அடுப்பைப் பற்ற வைத்தார். பெருமாள் கோவில் பட்டர் துளசித் தீர்த்தத்தை ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்துக்கொண்டே வந்து, களைத்துப்போய், தானும் உட்கார்ந்தார். தபால்காரர் ரொம்பச் சந்தோஷப்பட்டார், ஊரே வரிசையாக உட்கார்ந்திருந்ததால் அன்றைக்குத் தபால் அரை மணியில் முடிந்தது. அகழாய்வு மேட்டுக் காவலாளி கார் மேட்டின் ஓரத்தில் ஏறியதைப் பார்த்து அதைச் சுற்றிக் கயிறு கட்டி, இதைத் தோண்டவோ அகற்றவோ கூடாது என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டார். ஒன்பது மணிக்குள் முன்சீட்டுக்காரர்கள், பின்சீட்டுக்காரர்கள் என்று இரண்டு கட்சி ஆகி, முன்சீட்டுக்காரர்களுக்கு ரொம்ப மிதப்பு என்று எங்கள் பக்கத்தில் பேச்சு ஆரம்பித்தது.

பேச்சில் நியாயம் இருந்தது. காரின் மூக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தேரிக்கரைக்குப் போய், பழைய கோட்டை வாசலுக்குள் நுழைந்து, கல்யாண மண்டபத்துப் படியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டதாம். கோட்டை வாசல் பழங்காலத்துக் கல்வாசல், காரும் அதுவும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்க, வேறு ஈ எறும்பு நுழைய இடமில்லை. மண்டபத்துக்காரர்கள் வடையை முன்னாலிருந்து உள்ளே அனுப்பினார்கள், அது மடிக்கு மடி கைமாறி மூன்று கிலோமீட்டர் கடந்து எங்களிடம் வந்தபோது வெறும் எண்ணெய்க் காகிதமாக வந்தது. செண்பகம் அப்போதே, "என்னண்டு பாத்துட்டு வாறேன்" என்று முன்பக்கம் எழுந்து போனவள்தான், திரும்பவில்லை.

அண்ணன் போன் போட்டார். "ஏளா வடிவு, மண்டபம் வந்தாச்சு. எறங்கு, மாப்பிள்ள நிக்காரு."

வடிவு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாசல் கோலம் அப்படியே இருந்தது, ஆரத்தித் தண்ணீர்கூட காயவில்லை, பக்கத்து வீட்டு ஆச்சி கையசைத்தாள்.

"நாங்க இன்னும் பொறப்படவே இல்லப்பா" என்றாள்.

மணி ஒன்பது இருபது. வெளியே போக வழி கிடையாது, ஊரில் ஓடக்கூடிய எல்லா வண்டிக்கும் முன்னால் எங்கள் கார்தான் கிடந்தது, வண்டி ஓட்டுகிறவர்களும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரி, உள்ளுக்குள்ளயே நடந்து போயிருவோம்" என்றேன். அவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள்.

நடக்க விட்டால்தானே! முதல் சீட்டில், "ஏம்மா, கல்யாணப் பொண்ணு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ." அடுத்த சீட்டில், "எங்க வீட்டுப் பிள்ளைக்குத் திருநீறு பூசாமப் போறியே." அதற்கடுத்ததில் ஒருத்தி ஆல்பத்தைப் பிரித்து அவள் மகள் கல்யாணத்தைக் காட்ட ஆரம்பித்தாள். வேண்டாம் என்றால் கோபம் வரும், கோபம் வந்தால் இந்தச் சம்பந்தமும் போகும், அதனால் வடிவு எல்லோருக்கும் சிரித்து, எல்லோர் காப்பியிலும் ஒரு வாய் குடித்து, எல்லோர் காலிலும் விழுந்து எழுந்தாள். பத்து நிமிஷத்தில் பதினோரு சீட்டு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த வேகத்தில் போனால் நாளை மறுநாள் விடியற்காலை மண்டபம் போய்ச் சேரலாம், அதுவும் ஆடி மாசத்தில். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பன்னிரண்டாவது சீட்டில் சிவனுச் சித்தப்பா காலை நீட்டி வழியை மறித்துக்கொண்டு, "ஒக்காரு, ஒக்காரு. அன்னைக்கு எனக்கு அப்பளம் போடாம விட்டாங்களே, அது எப்படி நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுதேன்" என்றார்.

வடிவு அவரைப் பார்த்தாள். பதினோரு சீட்டுக் காப்பியையும் குடித்த பிள்ளை, வாய் கசந்திருக்கும். "சித்தப்பா," என்றாள், "அது மறந்துபோயி விட்டது இல்ல. நாந்தான் வேணும்னே வைக்க வேண்டாம்னேன். நீங்க ஏற்கெனவே நாலு தின்னுட்டீங்க."

ஆத்தாடி! சித்தப்பா முகம் செங்கல்லாகி, மீசை துடித்து, "என்ன சொன்ன?" என்று கேட்பதற்குள் சீட்டு அவருக்குக் கீழேயிருந்து நழுவி மறைந்தது, கதவும் மறைந்தது, சித்தப்பா நடுத்தெருவில் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார், கார் ஒரு சீட்டு குறைந்து, வீட்டு வாசலில் ஒட்டியிருந்த அதன் வால் ஒரு முழம் முன்னால் வந்தது. நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். உபசாரத்துக்கு நீண்ட கார் கோபத்துக்குச் சுருங்கும் என்பது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நாங்கள் அந்த ஊரில் பிறந்தவர்கள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அவளை! முப்பத்துமூன்று வருஷமாகச் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் வரிசை கட்டி வந்தது. கல்யாண வீட்டில் எல்லாம் மைக்கைப் பிடுங்கிப் பாடுகிற மாமாவிடம், "நாங்க கைதட்டுனது நீங்க நிப்பாட்டுவீங்கன்னுதான் மாமா" என்றாள், மாமா தெருவில் நின்றார். கடந்து வந்த பதினோரு சீட்டுக்கும் திரும்பிப் போய்ப் பாக்கி தீர்த்தாள், ஆல்பக்காரியிடம், "ஒங்க பொண்ணு போட்டோல மட்டுந்தான் சிரிக்கா" என்றாள். ஹெட்மாஸ்டர் எழுந்து கையைக் கூப்பி, "என்னை நீ கோபப்படுத்தவே முடியாதும்மா" என்றார். "தெரியும் சார், ஒங்களுக்கு ரோசமே கெடையாதுன்னு ஊரே சொல்லுது" என்றாள், அவர் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. காவலாளியிடம், "அந்தத் தாழியெல்லாம் போன வருசம் பண்ணுனதாம்லா" என்றாள். பட்டரிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, "சாமி, ஒங்க புளியோதரைய விட எதிர்க் கோவில் புளியோதர நல்லாருக்கு" என்றாள், அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒவ்வொருவராகச் சொன்னால் ஆகாது என்று பாதி வழியில் மொத்தமாகவே ஆரம்பித்துவிட்டாள். நடுவில் நின்று, கையைச் சேர்த்து வைத்து, "தெக்கு ரதவீதிக்காரங்க எல்லாரும் கேளுங்க! ஒங்க வீட்டுச் சாம்பார்ல பருப்பத் தேடணும்னா தொல்லியல்காரங்கதான் வரணும்!" என்று கூவினாள் பாருங்கள், நூற்றுப் பத்து சீட்டு ஒரே மூச்சில் போயிற்று, கார் எங்களைத் தூக்கிக்கொண்டு கோவிலைத் தாண்டிப் பாய்ந்தது. வடக்கு ரதவீதிக்காரர்கள் சிரித்தார்கள். "நீங்க சிரிக்கீங்க, ஒங்களுக்குச் சாம்பாரே வைக்கத் தெரியாதுல்லா" என்றாள், அவர்களும் போனார்கள். டீக்கடைக்காரர் மட்டும் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை, வியாபாரி ஆயிற்றே, கடைசியில் நான்தான், "ஒம்ம டீய விட ஒம்ம பாய்லர் கழுவுன தண்ணி ருசியா இருக்கும்வே" என்று ஒரு கை கொடுத்தேன். பாலம் வந்தபோது வடிவு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சிரித்து அவளை நான் பார்த்ததே இல்லை, எனக்கு அழுகையாக வந்தது.

பாலத்தின் நடுவில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். "இவ வேணும்ளா" என்று நான் வடிவின் காதில் சொன்னேன், "நாத்தனார் இல்லாம முடிச்சுப் போட ஆளு?" வடிவும் தலையாட்டி, ரொம்பப் பணிவாக, "மைனி, பசிக்கி. வடை எதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

செண்பகம் வாயைத் துடைத்தாள். "நான் தின்னுட்டேன்னு சொல்லுதியா?"

"அய்யோ, இல்ல மைனி."

"இல்லன்னு ஏன் இப்படி அடிச்சுச் சொல்லுத? அப்ப மனசுல அதுதான் இருக்கு" என்றாள், அவ்வளவுதான், அவள் பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நாங்கள் அக்கரையில் இருந்தோம்.

மணி பத்து இருபது. எங்களுக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஊரே தெருவில் வரிசையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. கார் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சீட்டுதான் கூடுதல், காலையில் வடிவு என்னை இழுத்து உட்கார வைத்த சீட்டாக இருக்கும், அந்த ஒரு சீட்டு நீளத்தால் எங்கள் கதவு கோட்டை வாசல் கல்லுக்குள் மாட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. முன்பக்கம் சீர்வரிசைக்கு அப்பால் கண்ணாடித் தடுப்பு, அதன் ஓட்டை வழியாக ஒரு பூனை போகலாம், கல்யாணப் பொண்ணு போக முடியாது. பின்கண்ணாடி சீர்வரிசை சரிந்ததில் குத்துவிளக்கு இடித்து மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் சிக்கிக்கொண்டது. மரிய அருள் ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார், ஆனால் கோபித்துக்கொண்டு நிற்கிறவன் ஹாரன் சத்தத்துக்கு நகர்வானா? தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகம் வெளுத்துப்போய் இருந்தது, படிக்கட்டில் பிரம்மநாயகம் வேட்டி தடுக்கத் தடுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், அவர் அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் ஒருத்தர் கோபித்தாக வேண்டும். உள்ளே இருந்தது நாங்கள் இரண்டே பேர்.

"சொல்லு" என்றேன். "சீக்கிரம் எதையாவது சொல்லு."

வடிவு என்னைப் பார்த்தாள். என்னைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், முணுமுணுத்த ஊருக்கே தெரியும். 'நீ தாலி கட்டுற எடத்துல நிக்காத' என்று சொன்னால் போதும், கார் சுருங்கிவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். மணி பத்து இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று ஓடிற்று.

"ஏளா, சொல்லித் தொல!"

"மாட்டேன் அத்த. பத்தரை தாண்டுனா தாண்டட்டும்."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல், பால் ஊற்றுகிறவர், தபால்காரர், முந்தாநாள் வந்த வெளியூர்க்காரன் வரைக்கும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள், பிள்ளையாய் நினைத்து வளர்த்த எனக்கு மட்டும் ஒரு வசவு கிடையாதா? "அவனுக்கெல்லாம் சொன்ன, எனக்குச் சொல்ல மாட்டியா? அப்ப நான் ஒனக்கு யாருளா? வழியில போறவளா? என்னய வையக்கூட ஒனக்கு வாய் வரலன்னா நான் என்னத்துக்கு இங்க இருக்கணும்?" என்று கத்தினேன், நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று, கண்ணில் நீர் வந்துவிட்டது, அந்தக் கோபத்தோடு பார்க்கிறேன், கோட்டை வாசலுக்கு நடுவில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருக்கிறேன், மாலை தோளில் தொங்குகிறது, கார் எனக்கு முன்னால் பத்து சீட்டோடு படியில் நிற்கிறது, அதன் கதவு திறந்து வடிவு இறங்கி ஓடுகிறாள்.

நான் போகவில்லை. கோபம் கோபம்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், யாரோ வந்து மாலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாயனம் கேட்டது, கெட்டிமேளம் கேட்டது, பழக்கத்தில் என் கால் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று தேடிற்று. பிரம்மநாயகம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டாராம். "நாத்தனார் எங்கே? மீதி ரெண்டு முடிச்சு?" என்று ஐயர் கேட்டார். நாத்தனார் பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஊர்ப் பெண்கள் ஒருத்தி விடாமல் தெருவில் நின்றார்கள், மண்டபத்துக்குள் ஐயர், நாயனக்காரர்கள், சமையல்காரர்கள், அண்ணன், மரிய அருள், எல்லாம் ஆண்கள். பெண் என்று பார்த்தால் பகவதியம்மாள் ஒருத்தி, அவளும் மணவறை கிட்டே வராமல் தூரத்துத் தூணில் சாய்ந்து நின்றாள், ஏன் என்று எனக்குத் தெரியாதா? வடிவு கயிறு நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். மணி பத்து இருபத்தெட்டு.

"ஏ, செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கவளே!" என்று ஒரு சத்தம் வந்தது. பகவதியம்மாள்தான். "ஒன்னத்தான். வா இங்க. வந்து கட்டு."

நான் திரும்பினேன். "நான் எப்படி..." என்றேன். "எனக்கு அவுக இல்லல்லா."

"எனக்கு மட்டும் இருக்காகளா? கை இருக்குல்லா? எனக்கு நடுங்குது, நீ கட்டு" என்றாள்.

ஓடினேன். மஞ்சள் கயிற்றை என் விரல் தொட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. வடிவின் பிடரியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது, சின்ன வயசில் அவளுக்குப் பின்னல் போட்ட அதே இடம். இரண்டாம் முடிச்சைப் போட்டேன், மூன்றாம் முடிச்சைப் போட்டேன், அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் நாலாவதாக ஒன்றும் போட்டேன், ஐந்தாவது போடப் போகையில் பகவதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்ளா, பிள்ளைக்குக் கழுத்து இறுகிரும்" என்றாள்.